உடலுக்குள் ஒரு கூட்டுக் குடித்தனம்

மனிதன் தன் உடலைத் தனக்கே உரிய தனி வீடு என்று கருதிக்கொண்டிருக்கிறான். உண்மையில் அது பல குடிகள் ஒன்றாகப் புழங்கும் பெரியதொரு கூட்டுக் குடித்தனம். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கின்படி, சராசரி ஆடவன் ஒருவனின் உடலில் அவனுடைய சொந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. அவனோடு வாழும் பாக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 லட்சம் கோடி. இவற்றுள் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் வாழ்பவை.

இக்குடித்தனத்தில் ஈஸ்டு என்னும் நுண்காளானுக்கும் இடமுண்டு. எண்ணிக்கையில் அது மிகவும் சொற்பம். குடலில் வாழும் நுண்ணுயிர்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் உருவத்தில் பெரியது. பாக்டீரியா ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், ஈஸ்டு அதைப்போல் நாலைந்து மடங்கு அகலமுடையது. இவ்விரு கூட்டத்தாரும் ஒத்து வாழும்வரை நமக்கு அவர்கள் இருப்பதே தெரிவதில்லை. உறவு கெட்டால் நோய் தலைகாட்டுகிறது. அவ்வுறவு எத்தகையது, அதைக் கெடுப்பது எது, காப்பது எது என்பதையே ஈண்டு எழுத முற்படுகிறோம். நாம் மருத்துவரல்லோம், ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிப் பிழைப்பவரே. படித்துத் தெரிந்துகொண்டதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்லும் ஆசை ஒன்றே இதற்குக் காரணம்.

மாவுப் பானை புகட்டும் பாடம்

இவ்வுறவை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் அடுக்களையே போதும். அரிசியையும் உளுந்தையும் அரைத்து இரவு மூடி வைக்கிறோம். காலையில் மாவு பொங்கி மேலெழுந்து நிற்கிறது. ரொட்டி மாவைப் போல இதையும் ஈஸ்டுதான் பொங்கவைக்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. ஆராய்ச்சி கண்ட விடை வேறு.

ஹெப்பாளில் வாழும் நமக்கு அண்மையில், கிருஷ்ணராஜ சாகர் சாலையில் உள்ள செலுவாம்பா மாளிகையில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நிலையத்தைச் சேர்ந்த எச். எஸ். ஆர். தேசிகாச்சாரும் அவருடன் பணியாற்றியோரும், இட்லி மாவு புளிக்கும்போது நேரும் மாறுதல்களை ஆராய்ந்து 1960இல் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மாவைப் பொங்கவைப்பதில் முதலிடம் லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்கே உரியது என்று காட்டினர். எவரும் விதைக்காமலே தானியத்தோடும் பருப்போடும் ஒட்டிக்கொண்டு வருவது அது. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் அது வெளிவிடுகிறது. வாயு மாவை எழுப்புகிறது. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவைச் சிறைபிடித்து வைக்கிறது.

அமிலம் ஏற ஏற, அதைத் தாங்காத கிருமிகள் ஒடுங்குகின்றன. தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்களும் ஈஸ்டுகளும் தலையெடுக்கின்றன. ஈஸ்டு புளிப்புக்கு அஞ்சாதது. தானும் சிறிது வாயுவையும் மணத்தையும் சேர்க்கிறது. மார்கழிக் குளிரில் மைசூரில் மாவு எளிதில் பொங்காமல் நம் இல்லத்தரசிகள் கவலையுறுவது யாவரும் அறிந்ததே. இந்நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாகப் பெருகுவதே அதற்குக் காரணம்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு நுண்ணுயிர் கழித்துவிடும் பொருளே அடுத்ததன் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்கிறது. பானைக்குள் நடக்கும் இதே நாடகம் நம் வாயிலும் குடலிலும் நாள்தோறும் நடைபெறுகிறது.

உடலுக்குள் காவல்

மனித உடலில் வாழும் ஈஸ்டுகளுள் முதன்மையானது கேண்டிடா அல்பிகன்ஸ் என்பது. நல்ல உடல்நலமுள்ளோர் பலருடைய வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் அது இருந்துகொண்டேயிருக்கிறது. அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. உருண்டை வடிவில் இருக்கும்வரை பெரும்பாலும் சாது. வாய்ப்புக் கிடைத்தால் நீண்ட இழைகளாக வளரும். அவ்விழைகள் உடலின் மென்தோலைத் துளைத்து உட்புகவல்லவை. அவை கேண்டிடாலைசின் என்னும் நச்சுப்பொருளைச் சுரந்து நம் உயிரணுக்களைச் சிதைக்கின்றன என்பது 2016இல் வெளியாயிற்று.

அவ்வாய்ப்பு எளிதில் கிடைக்காதபடி காவல் புரிபவை பாக்டீரியாக்களே. அவை செய்யும் காவல் மூவகைப்படும்.

முதலாவது, இடமும் உணவும். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் முதல் நிலையத்திலேயே இருக்கைகள் நிறைந்துவிட்டால், பின்னால் ஏறுபவர் வாசற்படியருகே நிற்க வேண்டியதுதான். குடற்சுவரில் பாக்டீரியாக்கள் நெருங்கி அமர்ந்து, கிடைக்கும் சர்க்கரையையும் உண்டுவிடுவதால், ஈஸ்டு பெருக வழியில்லை.

இரண்டாவது, அமிலம். நாம் உண்ணும் கீரை, காய், தானியம் ஆகியவற்றின் நார்ப்பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்து சிலவகை அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் ஈஸ்டு இழையாக மாறுவதைத் தடுக்கின்றன.

மூன்றாவது, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுதல். 2015இல் எலிகளைக்கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சியில், குடல் பாக்டீரியாக்களில் சில, குடற்சுவரையே ஈஸ்டுக்கு எதிரான ஒரு பொருளைச் சுரக்கத் தூண்டுவது புலனாயிற்று. வளர்ந்த எலிகளுக்குக் கேண்டிடாவை உணவோடு கொடுத்தாலும் அது எளிதில் குடலில் தங்குவதில்லை. முன்னதாக ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துவிட்டாலோ தங்கிப் பெருகிவிடுகிறது. இந்த ஒரு செய்தியில்தான் நம் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

மருந்து தந்த புதிய தொல்லை

அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1940களில் அது நோயாளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. தொடர்ந்து டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் வந்தன. நிமோனியாவுக்கும் பிரசவக் காய்ச்சலுக்கும் இரையாகவிருந்த எண்ணற்ற உயிர்கள் இவற்றால் பிழைத்தன. இந்நன்மையை ஒருபோதும் மறக்கலாகாது. ஆயினும் இம்மருந்துகள் கொல்வது பாக்டீரியாக்களை மட்டுமே. பெனிசிலின் பாக்டீரியா தன் புறச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. ஈஸ்டின் சுவர் வேறு பொருளால் ஆனது; ஆகவே அதற்குப் பெனிசிலினால் தீங்கில்லை. மேலும், மருந்துக்குத் தீய பாக்டீரியா, நல்ல பாக்டீரியா என்னும் வேறுபாடு தெரியாது. காவலர் மடிய, ஈஸ்டு பெருகியது. ஆன்டிபயாடிக் உண்டு தேறியவர் சிலர், வாயில் வெண்படலமும் பிறப்புறுப்பில் அரிப்புமாக மருத்துவரிடம் திரும்பி வரலாயினர்.

இத்தொல்லைக்கு மருந்து கண்டவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள். முன்னவர் நியூயார்க் நகரில் இருந்தார். பின்னவர் அதே மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் இருந்தார். மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களை ஜாடிகளில் அடைத்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பியே ஆராய்ந்தனர். அவ்விதம் 1950இல் அவர்கள் அறிவித்த மருந்துக்கு, நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். ஈஸ்டின் மென்சவ்வில் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. பாக்டீரியாவின் சவ்வில் அது இல்லை. நிஸ்டாட்டின் அப்பொருளைப் பற்றி ஈஸ்டின் சவ்வில் துளையிடுகிறது, பாக்டீரியாவை விட்டுவிடுகிறது. அம்மருந்தால் வந்த உரிமைப் பணத்தை அவ்விருவரும் தமக்கென்று கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டனர்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. பூனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பெற்ற அரசாங்கத் தொழிற்சாலையாகிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில், மைசூர்ச் சீமையைச் சேர்ந்த காளானியல் அறிஞர் எம். ஜே. திருமலாச்சார் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தார். அவரும் அவர் குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஹேமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் பெயரின் முதலெழுத்துக்களே அம்மருந்தின் பெயரில் அமைந்துள்ளன. வாயிலும் பிறப்புறுப்பிலும் உண்டாகும் ஈஸ்டு நோய்க்கு அது பயன்பட்டது. நாம் குடியேறி வாழும் இம்மண்ணின் மைந்தர் ஒருவர் செய்த இத்தொண்டை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பகையும் உண்டு, நட்பும் உண்டு

பாக்டீரியா என்றால் எப்போதும் காவலன், ஈஸ்டு என்றால் எப்போதும் கள்வன் என்று முடிவு கட்டிவிடலாகாது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா கேண்டிடாவின் இழைகளைப் பற்றிக்கொண்டு கொன்றுவிடுகிறது, உருண்டை வடிவங்களை அவ்வாறு கொல்வதில்லை என்று 2002இல் கண்டனர். ஈஸ்டுக்கு நேரும் இவ்வழிவால் நோயாளிக்கு நன்மையென்று மகிழ்வதற்கில்லை. சூடோமோனாஸ் தானே ஒரு கொடிய நோய்க்கிருமி.

இருவரும் கைகோத்துத் தீங்கு செய்வதும் உண்டு. குழந்தைகளின் பாற்பற்களைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா, சர்க்கரையிலிருந்து பிசின் போன்ற பொருளை உண்டாக்குகிறது. அப்பிசின் கேண்டிடாவையும் பற்களோடு ஒட்டவைக்கிறது. இரண்டும் சேர்ந்தபோது சொத்தை மிகவும் கடுமையாகிறது என்று 2014இல் எலிகளில் செய்த ஆராய்ச்சி காட்டியது. இரவில் சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடும் வழக்கத்தை நிறுத்த இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

மாறாக, உதவி செய்யும் ஈஸ்டும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பூலார் 1920களில் இந்தோசீனாவில் இருந்தபோது, காலரா பரவிய காலத்தில் மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களை வேகவைத்துக் குடிப்பதைக் கண்டு, அப்பழங்களிலிருந்து ஓர் ஈஸ்டைப் பிரித்தெடுத்தார் என்பர். அவர் பெயரையே தாங்கிய அவ்வீஸ்டை, ஆன்டிபயாடிக் உண்பவர்க்கு நேரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க இன்று மருத்துவர்கள் வழங்குகின்றனர். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைக் கொல்லாது என்னும் அதே குணம் இங்கே நமக்கு நன்மையாகிறது. எனினும் கடும்நோயுற்று, இரத்தக்குழாயில் குழல் செருகப்பட்டுக் கிடப்போர்க்கு அதுவும் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது.

நம் இல்லங்களில் நடப்பது

இனி, நமக்கு நேரே உரிய செய்திக்கு வருவோம். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் முறைமாற்றி வேலை செய்யும் குடும்பங்களில், மருத்துவரிடம் சென்றால் ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே சளியோ காய்ச்சலோ கண்டவுடன் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பெரும்பாலான சளியும் இன்புளூயன்சாவும் வைரசால் வருவன. அவற்றை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்வதில்லை. நோய் தானாகத் தணிகிறது. பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகிறது. காவற்கார பாக்டீரியாக்களோ வீணே மடிகின்றன. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காத வலிமையைப் பெறவும் இது ஏதுவாகிறது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, இக்கேட்டைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் திட்டம் வகுத்தன. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் உறையில் உள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு மத்திய அரசு 2016இல் மக்களுக்கு எடுத்துரைத்தது. அக்கோட்டைக் கண்டால் நாமும் சிவப்புக் கைகாட்டியைக் கண்ட வண்டிபோல் நின்றுவிடுதல் வேண்டும்.

இதனால் மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை அஞ்சி நிறுத்திவிட வேண்டும் என்று எவரும் கொள்ளற்க. அவர் சொன்ன அளவும் நாளும் பிசகாமல் உண்ண வேண்டும். மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று வைத்துக்கொள்வதும், பெரியவர் மாத்திரையைப் பாதியாக்கிக் குழந்தைக்குக் கொடுப்பதுமே கூடாதவை.

கைக்குழந்தையின் நாக்கில் வெண்மை கண்டால், சுத்தமான ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் படிவாயின் நீங்கிவிடும். எளிதில் நீங்காமலோ, நீங்கிய இடம் சிவந்தோ இருந்தால் ஈஸ்டாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயின் மார்பிலும் எரிச்சல் இருந்தால் அதையும் கூறல் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நாவில் தேன் தடவும் பழக்கத்தை அறவே கைவிடுக; அதனால் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் வேறொரு நோய் வரக்கூடும். பெரியவர்களில் நீரிழிவு உடையோர்க்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈஸ்டு பெருகும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோர் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புதல் நன்று. பல்செட்டு அணிவோர் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். தயிர் நல்ல உணவு. அதை நாள்தோறும் உண்ணலாம். நோய் முற்றியபின் மருந்துக்கு ஈடாக அதை நம்பியிருத்தல் தகாது.

தாய்மார்களின் மௌனம்

நாணத்தால் பேசாது விடப்படும் ஒன்றை இங்கே பேசாதிருக்க இயலவில்லை. பெண்களில் நால்வருக்கு மூவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பிறப்புறுப்பில் ஈஸ்டு நோயால் துன்புறுகின்றனர் என்பது மருத்துவர் கணக்கு. இது ஒழுக்கக் கேட்டினால் வருவதன்று. அசுத்தத்திற்கு அடையாளமும் அன்று. கட்டித்தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இதன் குறிகள். அங்கு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் வருவது மற்றொரு நோய். அதில் நீர்த்த கழிவும் மீன்நாற்றமும் இருக்கும். முன்னதற்கு ஈஸ்டைக் கொல்லும் மருந்து. பின்னதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஈஸ்டு நோயை மற்றதென்று எண்ணி ஆன்டிபயாடிக் உண்டால் துன்பம் தணிவதற்குப் பதிலாக மிகலாம். ஆகவே கடைக்காரரின் ஊகம் இதற்கு உதவாது. மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். சோப்பும் டெட்டாலும் கொண்டு உட்புறம் கழுவுவதும் நல்ல பாக்டீரியாக்களை ஒழிக்கும் செயலே.

நம் தாய்மார்க்கு இங்கே மற்றுமொரு தடையுண்டு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்க்குக் கன்னடம் கைவரவில்லை. மருத்துவரிடம் பேசப் பள்ளியில் படிக்கும் மகனை அழைத்துச் செல்கின்றனர். மகன் முன்னிலையில் எத்தாய் இதைச் சொல்வாள்? தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடுகிறாள். அவர்களுக்காகச் சில சொற்களை இங்கே தருகிறோம். வெள்ளைப்படுதலைக் கன்னடத்தில் ‘பிளி செரகு’ என்பர். முதலெழுத்தைப் ‘பாலகன்’ என்பதில் உள்ளவாறு ஒலிக்க வேண்டும். அரிப்பு ‘துரிகெ’, எரிச்சல் ‘உரி’, வாய்ப்புண் ‘பாயி ஹுண்ணு’. இதிலும் முதலெழுத்து முன்னதைப் போன்றதே. இந்நான்கு சொற்கள் நாவில் இருந்தால், மைசூரில் செலுவாம்பா பெயரையே தாங்கி நிற்கும் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் எவரும் தம் குறையைத் தாமே கூறலாம்.

கன்னடம் நன்கு பேசும் மூத்த தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் நம்மிடையே இருக்கின்றனர். புதிதாக வந்த மருமகளையோ அண்டைவீட்டுப் பெண்ணையோ துணைக்கு நின்று அழைத்துச் செல்ல அவர்கள் முன்வர வேண்டும். மகளிர் பகுதியின் அடுத்த கூட்டத்தில், வர விரும்பும் தாய்மார்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரிக்குமாயின், மேலே எழுதியதெல்லாம் பயனுடைத்தாகும். அதுவரை, வீட்டு அலமாரியில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைப் பட்டை ஏதேனும் கிடந்தால், அதில் சிவப்புக் கோடு உண்டா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.